சாய்ந்து நின்ற தகரச் சிப்பாய்

போன பௌர்ணமிக்கு எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பவித்ரா என்ற பெண், தன்னோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேரைக் கிரிவலத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறார்களாம். மலையைச் சுற்றிவிட்டுக் கால்வலியோடு வேங்கிக்கால் திரும்பியவர்கள் எங்கள் கூடத்தில் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். நான் பொருட்காட்சிகளில் விளையாட்டு செய்து பிழைத்தவன் என்று பவித்ரா ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள்.

"அங்கிள், நாங்க என்ன கேம் யோசிச்சாலும் கடைசில சண்டைலதான் வந்து நிக்குது. சண்டை இல்லாம ஒண்ணு போட்டுக் காமிச்சா மேல இருக்கறவங்க வேணான்றாங்க. உங்க காலத்துல இப்படி இருந்திருக்காது இல்ல?" என்று கேட்டாள்.

கூட வந்த தாடிக்காரப் பையன், "அப்பல்லாம் நம்ம பாரம்பரிய விளையாட்டுங்கதானே சார்" என்று தலையாட்டினான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பாரம்பரியமாவது மண்ணாங்கட்டியாவது. பலூனைச் சுடு, பொம்மையைச் சுடு, டப்பாவைப் பந்தால் அடித்துச் சாய், இதுதான் அப்போதும். காசு கொடுத்து ஆடுகிற ஆட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் எதையாவது அடித்தாக வேண்டும். நான் ஒரே ஒரு முறை அடிக்காத ஆட்டம் ஒன்றைச் செய்தேன். அந்தக் கதையைச் சொல்வதற்குள் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வாயால் சொல்லியிருந்தால் நாலு கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்திருக்கும், தப்பித்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். படிப்பு ஏறவில்லை. வேலூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரம் வெட்டவும் வெல்டிங் வைக்கவும் கற்றுக்கொண்டேன். ஏதோ ராட்டினம் ரிப்பேர் என்று அந்தப் பட்டறைக்கு வந்த உஸ்மான் பாய், என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கூட வந்துடு" என்றார். போய்விட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடுதான் இருந்தேன்.

பாய் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போய் ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் போடுவது அவர் தொழில். வெள்ளை ஜிப்பா, காதில் அத்தர் பஞ்சு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்ட வேண்டியிருந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதனால் அவர் குரல் இறங்க இறங்க நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். புது ஆட்டம் ஒன்றை நான் செய்து முடித்தால் அவர் ஆடிப் பார்க்க மாட்டார். கடையைத் திறக்கச் சொல்லிவிட்டு, எதிர்ச் சாரியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஜனங்கள் போடும் சத்தத்தை மட்டும் கேட்பார்.

"ஆடறவன் ஒருத்தன்தான் தணிகா. பின்னாடி நின்னு பாக்கறவன் பத்து பேரு. அந்தப் பத்து பேருக்குப் புரியற மாதிரி செய். அவன் 'அடடா'ன்னா அடுத்த டிக்கெட் அவனோடது. அவன் கம்முனு நின்னான்னா நீ கடையை மூட்டை கட்டிடு" என்பார்.

இதைவிடப் பெரிய பாடத்தை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சுடுகிற ஆட்டம் ஏன் ஓடுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. சுட்டான், விழுந்தது. எட்டி நிற்கும் கிழவருக்கும் புரிகிறது, இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் புரிகிறது.

எழுபத்தொன்றில் சண்டை முடிந்த பிறகு பலூன் சுடுவது ஜனங்களுக்குப் போதவில்லை. பாய் தகரச் சிப்பாய் கேட்டார். எண்ணெய் டின்னை வெட்டிச் சிப்பாய் செய்தேன், பச்சை பெயிண்ட் அடித்தேன், காலடியில் கீல் வைத்து வரிசையாக நிறுத்தினேன். நெஞ்சில் குண்டு பட்டால் டிங் என்று பின்பக்கம் மல்லாந்துவிடும். தொப்பியில் என்ன கொடி வரையட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரையாத. சிப்பாய்னா சிப்பாய்."

கூட்டத்தில் ஒருவன் வேண்டுமென்றே, "இது எந்த நாட்டு சிப்பாய் பாய்?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் பாய் முகத்தையே பார்த்தார்கள். அவர் வெற்றிலையை மென்றபடி, "தகர நாட்டு சிப்பாய். போர் நடக்குது, வா, சுடு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கடைக்கு ஒரு நடைமுறை உண்டு. பாய் போட்டது, ஒரு எழுத்து மாறக் கூடாது. துப்பாக்கிகள் மூன்றும் ஏர்கன். விளையாட்டுத் துப்பாக்கி என்று பெயரே தவிர, கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் பக்கவாட்டில் திரும்பாதபடி சைக்கிள் செயினால் பலகையோடு கட்டியிருக்கும். சுட்டு முடித்ததும் குழலை மடக்கியபடியே பலகையில் வைக்க வேண்டும். குழல் மடங்கியிருந்தால் சுட முடியாது, எட்ட நின்று பார்த்தாலே தெரியும். மூன்றும் மடங்கியிருக்கின்றனவா என்று முன்னால் நிற்கும் ஆள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மணி அடிப்பான். மணி கேட்ட பிறகுதான், சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் மணல் மூட்டை மறைவில் இருக்கும் ஆள் வெளியே வந்து, விழுந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கையால் நிமிர்த்துவான். மணி இல்லாமல் வெளியே வரக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஒருத்தன் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் கத்தக் கூடாது. கத்தினால் அவன் விரல் தானாக இழுத்துவிடும்.

அந்தக் கடையில் மல்லிகா வந்து சேர்ந்தாள்.

அடி அண்ணாமலைப் பெண். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். அதே சண்டையில் காணாமல் போனார். செத்தார் என்று தந்தி வரவில்லை. காணவில்லை என்றுதான் வந்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாமியார் வீட்டில் தாலியைக் கழற்று, பொட்டை அழி என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே அண்ணன்மார்கள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்:

"என் சோறு நானே துன்ற வரைக்கும்தான் அண்ணா இந்தப் பொட்டு. அவங்க சோறு போட ஆரம்பிச்சாங்கன்னா, பொட்டு வெக்கறதா வேணாமான்னு அவங்கதான் சொல்லுவாங்க."

அவளுக்கு அந்த வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை.

பாய் அவளைத் துப்பாக்கிக் கடையில் முன்னால் நிறுத்தினார். குண்டு போட்டுத் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கிற வேலை. பொம்பளை கையால் வாங்கினால் எவனும் வம்பு பண்ண மாட்டான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை தகரம் விழும்போதும் அவள் உதட்டைக் கடிப்பதை நான் பார்த்தேன். ஒரு சீசன் பொறுத்தாள். அடுத்த கார்த்திகைக்கு முன்னால் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, சுடாத ஆட்டம் ஒண்ணு செய்ய முடியாதா? நான் அதுல நின்னுக்கறேன். அது விழற சத்தம் கேட்டா எனக்கு வயித்தைப் பிசையுது. வேலையை விடவும் முடியாது."

நான் பாயிடம் போனேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். பிறகு, "செய். தேர் அன்னிக்கு வரைக்கும் டைம். அதுக்குள்ள கூட்டம் நின்னா அந்தப் பொண்ணு அங்க. நிக்கலைன்னா பிரிச்சிடு, அவ பழைய எடத்துக்கு வரணும். ஆள் கம்மியா இருக்குது, என்னால சும்மா ஒக்கார வெச்சி சம்பளம் குடுக்க முடியாது" என்றார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

சரி, சவால்தான் என்று இறங்கினேன். இந்த ஊருக்கு என்ன ஆட்டம் செய்வது? கண் முன்னாலேயே மலை நிற்கிறதே. தகரத்தில் மலை ஒன்று செய்தேன், ஆள் உயரம். உச்சியில் ஒரு பல்பு. அடிவாரத்தில் சின்னக் கொப்பரை. இரண்டு கைப்பிடி, இரண்டு கம்பி. இரண்டையும் ஒரே சீராகச் சுற்றினால் கொப்பரை நேராக மேலே ஏறும். ஒரு கை முந்தினாலும் சாய்ந்து சறுக்கிக் கீழே வந்துவிடும். உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் பல்பு எரியும். தீபம் ஏற்றிவிட்டாய். யாரையும் அடிக்க வேண்டாம், சுட வேண்டாம். சும்மா சொல்லக் கூடாது, நான் செய்ததிலேயே அழகான ஆட்டம் அதுதான். மல்லிகாவுக்கு அத்தனை சந்தோஷம். மலைக்கு அவளே பெயிண்ட் அடித்தாள்.

கொடியேற்றத்தன்று கடை திறந்தோம். முதல் ஆள் ஆரணிப் பக்கத்துக்காரர், பட்டுத் தறிக்காரராம். நிதானமாகச் சுற்றினார். கொப்பரை ஏறியது. பல்பு எரிந்தது. மல்லிகா கை தட்டத் தயாராக இருந்தாள்.

அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பி, "அரோகரா" என்றார்.

பின்னால் நின்ற பத்துப் பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து தகர மலையைத் தொட்டுக் கும்பிட்டாள். இன்னொரு அம்மா காலணா மாதிரி ஏதோ ஒன்றை மலை மேல் வைத்தாள். அடுத்த டிக்கெட் யார் என்று மல்லிகா கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தரிசனம் ஆகிவிட்டதே, அப்புறம் எதற்கு டிக்கெட்? கும்பிட்டுவிட்டு நகர்ந்து போனார்கள். அடுத்த கூட்டம் வந்து, "எரியுதா?" என்று கேட்டு நின்றது.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது என் பிழைப்பு.

மூன்றாம் நாள் அதைவிட மோசம். புதுசாகக் கல்யாணம் ஆன ஒருவன் பெண்டாட்டி முன்னால் வீரம் காட்ட அவசரமாகச் சுற்றினான். கொப்பரை கவிழ்ந்து சறுக்கியது. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். தீபக் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டார், வீட்டுக்கு ஆகாது என்று. மாமனார் என் சட்டையைப் பிடிக்க வந்தார். "சாமி காரியத்தை வெளையாட்டாக்கி வெச்சிருக்கிறியே, நீ நல்லா இருப்பியா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தகரச் சிப்பாயைச் சுட்டுத் தவறினால் எவனுக்கும் ஒன்றுமில்லை, சிரித்துவிட்டுப் போகிறான். சுட்டு வீழ்த்தினாலும் யாருக்கும் பாவம் இல்லை. இங்கே தோற்றால் குடும்பத்துக்கே குறை. அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு எவன் காசு கொடுத்து வருவான்?

பாய் அன்று எதிர்ச் சாரியில் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றிருந்தார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "தணிகா, நீ ஆட்டம் செய்யல. கோயில் கட்டிட்ட" என்றார். குரலில் கேலி இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் மலையைப் பிரித்தேன். மல்லிகா ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பிறகு பாயிடம் போய், "முன்னாடி நிக்க மாட்டேன். என் கையால துப்பாக்கி எடுத்துக் குடுக்க மாட்டேன். பின்னாடி போறேன், பொம்மை நிமித்தறேன்" என்றாள். பின்னால் இருப்பது ஆபத்தான வேலை. பாய் யோசித்தார். நடைமுறை முழுவதையும் அவளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார். அவள் ஒப்பித்தாள். "மணி இல்லாம வெளிய வந்தா அன்னிக்கே வேலை போச்சு, தெரியும் இல்ல?" என்றார். தெரியும் என்றாள். முன்னால் நான் நின்றேன்.

தீபத்தன்று மத்தியானம் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். மூங்கில் தடுப்பு வளைந்து நின்றது. மூன்று மணி போல ஒரு ஆள் வந்தார். ஒட்ட வெட்டிய கிராப்பும் நின்ற நிலையும் பார்த்தாலே லீவில் வந்த பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தது. இந்த ஜில்லாவில் வீட்டுக்கொருவர் பட்டாளத்தில் உண்டு, புதுசில்லை. துப்பாக்கியை வாங்கினார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சிப்பாய். டிங், டிங் என்று வரிசையாக மல்லாந்தன. பின்னால் கூட்டம் எண்ண ஆரம்பித்துவிட்டது. எல்லாம் விழுந்தால் எவர்சில்வர் தூக்குப் பரிசு. மற்ற இரண்டு துப்பாக்கிக்காரர்களும் சுடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசிச் சிப்பாய். சுட்டார். டிங் என்று சத்தம் வந்தது. பொம்மை விழவில்லை. கீல் எங்கேயோ பிடித்துக்கொண்டு, பாதி சாய்ந்தபடி நின்றுவிட்டது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. விழுந்த மாதிரிதான் என்றது ஒரு பக்கம், விழவே இல்லை என்றது இன்னொரு பக்கம். ஏமாத்துறானுங்க, ஆணி அடிச்சு வெச்சிருக்கானுங்க என்று ஒரு குரல் வந்தது. இந்தக் குரல் வந்தால் அடுத்தது கல் வரும். எனக்கு அனுபவம் உண்டு. பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகையோரம் வந்து நின்றார்.

பட்டாளத்துக்காரர் மட்டும் அமைதியாக இருந்தார். "எனக்குப் பரிசு வேணாங்க. அது விழணும், அவ்வளவுதான். இன்னொரு குண்டு போடுங்க" என்றார்.

நியாயமாகப் பட்டது. குண்டு போட்டுக் கொடுத்தேன். அவர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடினார். கூட்டம் மூச்சை அடக்கியது.

அப்போது சாக்குப் படுதா விலகியது. மல்லிகா வெளியே வந்தாள்.

மணி அடிக்கவில்லை. நான் மணிப் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நேராக அந்தச் சாய்ந்த சிப்பாயைப் பார்த்து நடந்தாள். குறி பார்க்கிறவனுக்குக் குழலின் முனையும் பொம்மையின் நெஞ்சும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. பக்கத்திலிருந்து ஒரு ஆள் வருவது அவனுக்குத் தெரியவே தெரியாது. அவள் தலை பொம்மைக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது. கத்த வாய் திறந்துவிட்டேன். கத்தக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, திறந்த வாய் திறந்தபடி நின்றேன். கையை நீட்டினால் எட்டாது, நடுவில் இரண்டு ஆள் நின்றார்கள். கூட்டத்தில் யாராவது ஒரு ஆள் 'ஐயோ' என்றால் போதும்.

பாய் ஒரு அடி எடுத்து வைத்தார். அவசரமே இல்லை. அக்கம்பக்கத்தில் யாரையோ நலம் விசாரிக்கிற மாதிரி, "தம்பி, ஒரு நிமிஷம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே, இடது உள்ளங்கையைக் குழலின் வாயில் வைத்தார்.

சட் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பாய் கையை எடுத்தார், விரல்களை மடக்கினார், ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "விழுந்தாச்சு தம்பி. பரிசை வாங்கிக்க" என்றார். கூட்டம் கை தட்டியது. சுட்டுவிட்டதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் பட்டாளத்துக்காரர் பாயின் ஜிப்பாப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி, பொம்மைப் பக்கம் நிற்கும் பெண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. துப்பாக்கியைக் குழல் மடக்கி, நடைமுறைப்படி பலகையில் வைத்தார். பரிசை வாங்காமலே போய்விட்டார்.

மல்லிகா பொம்மையை நிமிர்த்தி நேராக வைத்துவிட்டு, அதன் பிறகே எங்கள் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது.

கம்பவுண்டர் ஒருவர் பாயின் கையிலிருந்து குண்டை எடுத்துக் கட்டுப் போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் பாய் திடலுக்குத் திரும்பிவிட்டார். தீபம் ஏற்றுகிற நேரத்தில் எங்கள் ராட்டினம் சுற்றாது, எந்தக் கடையிலும் மணி அடிக்காது. மலையைப் பார்த்து நிற்கிறவன் முதுகுக்குப் பின்னால் சத்தம் போடக் கூடாது என்பது பாய் போட்ட இன்னொரு நடைமுறை. திடலே மலைப் பக்கம் திரும்பி நின்றது. உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும் ஊரே அரோகரா என்றது. பாயும் கட்டுப் போட்ட கையோடு அந்தப் பக்கம் பார்த்து நின்றார். மல்லிகா கும்பிடவில்லை. கடையோரம் தன் துணிப் பையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். நாளை காலையிலிருந்து அண்ணன் வீட்டுச் சோறு.

பாய் திரும்பினார். குரல் காதில் விழுகிற அளவுக்குத்தான் இருந்தது.

"ஏம்மா வெளிய வந்த?"

அவள் தலையைக் குனியவில்லை.

"அது சாஞ்சிகினு நின்னுச்சு பாய். விழுந்தா விழுந்துச்சுன்னு இருக்கணும். நின்னா நின்னுச்சுன்னு இருக்கணும். ரெண்டும் இல்லாம அப்படியே நிக்குது, அந்தப் பக்கம் நின்னுகினு ஆளுங்க விழுந்துச்சு, விழலன்னு சண்டை போடறாங்க. என்னால பாக்க முடியல. எங்க வீட்லயும் அதே சண்டைதான் நடக்குது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, அதில் என்ன வெட்கம்.

பாய் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தணிகா. இனிமே பின்னாடி ஆள் போற வேலையே கூடாது. பக்கத்துல நின்னு இழுத்தா எல்லாம் ஒண்ணா எழுந்துக்கற மாதிரி செஞ்சிடு. நாளைக்குக் கடை தொறக்கறதுக்குள்ள."

"இழுக்கறது யாரு பாய்?"

"யாரு? இந்தப் பொண்ணுதான்" என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

பிரித்துப்போட்ட தகர மலையின் கைப்பிடியும் கம்பியும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு சிப்பாயின் கீலுக்கும் ஒரு கம்பி கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு தண்டில் சேர்த்து, கடையின் பக்கவாட்டில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நெம்புகோல் ஒன்று வைத்தேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். மறுநாள் கடை திறந்தது. ஒருவன் சுட்டான், விழுந்தன. மல்லிகா நெம்புகோலை இழுத்தாள். மல்லாந்து கிடந்த அத்தனை சிப்பாய்களும் ஒரே நேரத்தில் தடால் என்று எழுந்து நின்றன.

கூட்டம் ஒரு கணம் திகைத்துவிட்டு ஓ என்று கை தட்டியது. சுடுவதற்கு இல்லை, எழுந்ததற்கு. டிக்கெட் வாங்காமல் அதை மட்டும் பார்க்க நின்றவர்கள் உண்டு. பாய் எதிர்ச் சாரியில் முதுகைக் காட்டி நின்று கேட்டார். திரும்பி வந்து, "சத்தம் எப்ப ஜாஸ்தி வருது, கவனிச்சியா?" என்றார்.

விழுகிற சத்தம் வயிற்றைப் பிசைகிறது என்று அதன் பிறகு மல்லிகா சொல்லவில்லை. நான் ஒரு முறை கேட்டேன். "விழட்டும் அண்ணா. எழுப்பறதுக்குத்தான் நான் நிக்கிறேனே" என்றாள். அந்த நெம்புகோலை வேறு யாரையும் தொட விட மாட்டாள். சாப்பிடப் போனால் கடையை நிறுத்திவிட்டுத்தான் போவாள்.

எண்பதுகளின் நடுவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் ஒரு கடை பிடித்தார். வீடியோ கேம் வைக்கப் போகிறோம் என்றார். மெஷின் வாங்க அவரோடு மெட்ராஸ் போனேன். வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில் விமானம் சுடுகிறது, ஒன்றில் ராக்கெட் சுடுகிறது, ஒன்றில் வானத்திலிருந்து இறங்குகிற ஏதோ பூச்சிகளைச் சுட வேண்டும். பாய் ஒவ்வொன்றுக்கும் முதுகைக் காட்டி நின்று கேட்டார். கடைசியில் ஏஜெண்டிடம், "சுடாத மெஷின் இருக்குதா?" என்றார்.

அவன் சிரித்தான். "காரோட்டறது ஒண்ணு இருக்குதுங்க. ஆனா ஓடாது. சுடறதுதான் ஓடும்."

பாய் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் தகர மலை ஞாபகம் வந்திருக்கும். சுடுகிற மெஷின்களையே வாங்கி வந்தோம்.

மல்லிகாவுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. முதல் நாள் கடைக்கு வந்தவள் ஒரு மெஷின் முன்னால் நெடுநேரம் நின்றாள். ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் விழ விழப் புதுசாக வந்துகொண்டே இருந்தன. மெஷினின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள், பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"விழுந்ததை யாரு அண்ணா எழுப்பறது?"

"யாரும் வேணாம்மா. அதுவே வந்துகினே இருக்கும்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப இவங்களுக்காக யாரும் காத்துகினு இல்ல" என்று சொல்லிவிட்டு, டோக்கன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

பவித்ரா, உங்கள் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. சண்டையை எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. விழுந்தவர்களை எழுப்ப ஒரு ஆளை நிறுத்தினோம். மெஷின் வந்ததும் அந்த ஆளை எடுத்துவிட்டார்கள்.

மல்லிகாவின் வீட்டுக்காரர் வரவே இல்லை, செய்தியும் வரவில்லை. அவள் நெற்றியிலிருந்து பொட்டும் போகவில்லை. மகளைத் தன் சோற்றிலேயே வளர்த்து டீச்சராக்கினாள்.

வீடியோ கேம் கடை வந்த பிறகு, துப்பாக்கிக் கடையை விற்றுவிடலாம் என்று பாய் முடிவு செய்தபோது, விழுப்புரத்துக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். வேன் வந்தது. பொம்மைகளை மடித்துப் படுக்க வைத்தால்தான் பெட்டியில் அடங்கும், எப்போதும் அப்படித்தான் ஏற்றுவோம். நான் பொம்மைகளை ஒவ்வொன்றாக மடித்து முடித்தேன். மல்லிகா வந்து நெம்புகோலை இழுத்தாள். எல்லாம் எழுந்து நின்றன.

"இப்படியே ஏத்துங்க அண்ணா" என்றாள்.

வேன்காரர் இடம் பத்தாது என்று முனகினார். பாய் அவர் பக்கத்தில் போய், மிகவும் மெதுவாக ஏதோ சொன்னார். பெட்டியை விட்டுவிட்டு, சட்டத்தோடு தூக்கி, சிப்பாய்கள் நின்றபடியே வேனில் ஏற்றினோம்.